விருந்து மேசையின் மொழி

1972-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் தேதி மாலை. பெய்ஜிங் நகரின் மக்கள் மாமண்டபத்தில் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சனுக்கு சீனப் பிரதமர் சூ என்லாய் விருந்தளித்தார். அங்கே மாலை என்றால் அமெரிக்காவில் காலை நேரம். அமெரிக்க மக்கள் தங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைக் கண்டனர். சூ என்லாய் தமது உணவுக் குச்சிகளால் ஒரு துண்டை எடுத்து நிக்சனின் தட்டில் வைத்தார். நிக்சனும் 'சாப்ஸ்டிக்' எனப்படும் அந்தக் குச்சிகளைப் பிடித்தே உண்டார். அதற்காக அவர் முன்கூட்டியே பயிற்சி எடுத்திருந்தார்.

அதுவரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவு இல்லை. கொரியப் போரில் இரு தரப்புப் படைவீரர்களும் ஒருவரையொருவர் கொன்றிருந்தனர். சீனாவை எதிரி என்றே அமெரிக்கக் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்பட்டது. அமெரிக்காவை ஏகாதிபத்தியம் என்றே சீனக் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்பட்டது. இரு நாடுகளின் கூட்டறிக்கை வெளியாவதற்குச் சில நாள்கள் முன்பே, 'எதிரியோடு அமர்ந்து உண்ண முடியும்' என்பதை அந்த மேசை இரு நாட்டு மக்களுக்கும் சொல்லிவிட்டது.

சீன உணவைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். சீனர் உண்ணும் முறையைப் பற்றிப் பேசுவது அரிது. ஆனால், ராஜதந்திரத்திலும் பண்பாட்டு உறவிலும் பயன்பட்டு வந்திருப்பது பண்டம் அன்று, அந்த முறைதான். பண்டம் தனியாகவே எல்லை கடந்துவிடும். முறையைக் கற்க மனிதரோடு மனிதர் அமர்ந்தாக வேண்டும்.

அந்த முறைதான் என்ன? சீன விருந்தில் முதலில் பேசுவது இருக்கை. வாசலை நோக்கிய இடமே மதிப்புக்குரிய இடம். இன்றைய வழக்கப்படி விருந்தளிப்பவர் பெரும்பாலும் அங்கே அமர, முதன்மை விருந்தினர் அவரது வலப்புறம் அமர்த்தப்படுகிறார். ஊருக்கு ஊர் இதில் சிறு வேறுபாடுகள் உண்டு. எப்படியாயினும், தானாகச் சென்று ஓர் இருக்கையில் அமர்ந்துவிடாமல், அமர்த்தப்படும் வரை காத்திருப்பதே விருந்தினருக்கு அழகு.

அடுத்தது பகிர்வு. ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தட்டில் அளந்து வைப்பது குடும்ப விருந்தின் மரபன்று. வட்ட மேசையின் நடுவே உணவு வகைகள் வரிசையாக வந்து சேரும். எல்லாரும் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்வர். மூத்தவரோ முதன்மை விருந்தினரோ தொட்ட பிறகே மற்றவர் தொடங்குவர். முழு மீன் வந்தால் பல பகுதிகளில் அதன் தலை முதன்மை விருந்தினரை நோக்கி வைக்கப்படும். நல்ல துண்டைத் தேர்ந்து பக்கத்தில் இருப்பவரின் கிண்ணத்தில் வைப்பது அன்பின் அடையாளம். சூ என்லாய் நிக்சனுக்குச் செய்தது இதைத்தான். நமது வீடுகளில் 'இன்னும் கொஞ்சம்' என்று வற்புறுத்திப் பரிமாறும் கை நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. சீனர்களின் பழைய நலம் விசாரிப்பும் 'சாப்பிட்டீர்களா?' என்பதே.

மூன்றாவது, கோப்பை உயர்த்துதல். விருந்தளிப்பவர் எழுந்து சில சொற்கள் பேசி, கோப்பையை உயர்த்துவார். மூத்தவரின் கோப்பையோடு தமது கோப்பையை மோதும் இளையவர், தமது கோப்பையின் விளிம்பைச் சற்றுத் தாழ்த்திப் பிடிப்பார். ஒரு விரற்கடை உயர வேறுபாட்டில் பணிவு சொல்லப்பட்டுவிடும். இருவரும் ஒருவருக்கொருவர் பணிவு காட்ட முயன்று, கோப்பைகள் மேசை மட்டம் வரை இறங்கிவிடும் வேடிக்கையும் நிகழ்வதுண்டு.

செய்யக் கூடாதவையும் உண்டு. சோற்றுக் கிண்ணத்தில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. இறந்தவருக்கு ஊதுபத்தி ஏற்றிவைத்த தோற்றத்தை அது தரும். குச்சியால் கிண்ணத்தைத் தட்டக் கூடாது. அது பிச்சை கேட்பதன் சாயல். குச்சியால் ஒருவரைச் சுட்டிப் பேசுவதும் இழுக்கு. இவற்றை அறியாத அயலாரை யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். ஆனால், அறிந்து நடப்பவரை அவர்கள் மறப்பதில்லை.

இந்த விதிகள் நேற்று முளைத்தவை அல்ல. சடங்குகளைத் தொகுத்த 'லீ ஜி' என்னும் பண்டைச் சீன நூல், விருந்தில் சோற்றை உருட்டக் கூடாது, எலும்பை நாய்க்கு எறியக் கூடாது என்பது வரை பேசுகிறது. ஒழுக்கத்தின் தொடக்கத்தையே உணவில் கண்ட மரபு அது. திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வைத்த மரபில் வந்த நமக்கு இது அந்நியமான சிந்தனையன்று.

விருந்து எப்போதும் நட்பின் இடம் என்ற மயக்கம் சீனர்களுக்கு இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கி.மு. 206-இல் ஹோங்மென் என்ற இடத்தில் சியாங் யூ என்ற படைத்தலைவன், தன் போட்டியாளனான லியூ பாங்கை விருந்துக்கு அழைத்தான். யார் எந்தத் திசை நோக்கி அமர்ந்தார்கள் என்பதை வரலாற்றாசிரியர் சிமா சியென் ஒவ்வொருவராகப் பதிவு செய்திருக்கிறார். உயர்ந்த இடத்தில் சியாங் யூ தானே அமர்ந்துகொண்டு, விருந்தினனைத் தாழ்ந்த இடத்தில் அமர்த்தினான். வாள் நடனம் என்ற பெயரில் லியூ பாங்கைக் கொல்லவும் அந்த விருந்தில் திட்டமிடப்பட்டது. அவன் ஒதுங்கப் போவதாகச் சொல்லி வெளியேறி உயிர் தப்பினான். பின்னர் ஹான் பேரரசை நிறுவினான். இன்றும் சதி மறைந்திருக்கும் அழைப்பைச் சீனர்கள் 'ஹோங்மென் விருந்து' என்றே சொல்கிறார்கள். மேசையில் மதிப்பும் சொல்லப்படும், அவமதிப்பும் சொல்லப்படும் என்பதை அறிந்த சமூகம் அது. அதனால்தான் அங்கே சிறு அசைவும் கவனிக்கப்படுகிறது.

நவீன காலத்தில் இந்த மொழியை மிகத் திறமையாகக் கையாண்டவர் சூ என்லாய். 1954-இல் கொரியா, இந்தோ-சீனா பிரச்னைகளைப் பேச ஜெனீவாவில் மாநாடு கூடியது. புதிய சீனா பங்கேற்ற முதல் பெரிய பன்னாட்டு மாநாடு அது. அமெரிக்கத் தரப்பு சீனக் குழுவை விலக்கியே வைத்திருந்தது. அந்தச் சூழலில் சூ என்லாய் சமையற்காரரையும் மௌதாய் மதுவையும் உடன் கொண்டு சென்று, பல தரப்பினரையும் விருந்துக்கு அழைத்தார். அமெரிக்காவைவிட்டு வெளியேறி சுவிட்சர்லாந்தில் குடியேறியிருந்த சார்லி சாப்ளினும் அவரது விருந்தினரானார். மாநாட்டு அரங்கில் கிடைக்காத மரியாதையை விருந்து அறையில் அவர் ஈட்டிக்கொண்டார்.

1971 ஜூலையில் ஹென்றி கிஸ்ஸிங்கர் பாகிஸ்தான் வழியாக ரகசியமாக பெய்ஜிங் சென்றார். இரண்டாம் நாள் பேச்சில் சூ என்லாய் கடுமையான குரலில் கருத்து வேறுபாடுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். கிஸ்ஸிங்கரும் அதே கடுமையுடன் பதில் சொல்லத் தொடங்கினார். அப்போது, வாத்து ஆறிவிடும், முதலில் உண்போம் என்று சூ என்லாய் பேச்சை நிறுத்தினார். பெய்ஜிங் வாத்து வறுவல் பரிமாறப்பட்டது. உணவுக்குப் பிறகு சூழல் இளகியது. நிக்சனின் வருகை குறித்த பேச்சு முன்னேறியது. சில நாள்களில், ஜூலை 15 அன்று, அந்த வருகை உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

வாத்து வறுவல் ஒரு பகையைத் தீர்த்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சோவியத் யூனியன் மீது இரு நாடுகளுக்கும் இருந்த அச்சமே அவர்களை நெருங்கச் செய்தது. ஆனால், கடுஞ்சொற்களுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே ஓர் இடைவெளி தேவைப்பட்டது. யாரும் பின்வாங்கியதாகத் தோன்றாமல் இருவரும் மூச்சுவிட ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணத்தை விருந்து முறை தந்தது. வரிசையாக வரும் உணவு வகைகள் நேரத்தைத் தருகின்றன; ஒரே தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் கைகள் எதிரெதிர் தரப்பு என்ற நினைப்பைச் சற்றே தளர்த்துகின்றன. விருந்தால் ஆகக்கூடியது இவ்வளவுதான். ஆனால், இது சிறிதன்று.

அதே மேசையில் ஒரு சொல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1972 செப்டம்பர் 25 அன்று ஜப்பானியப் பிரதமர் ககுவேய் தனாகா பெய்ஜிங் சென்றார். அவர் ஓய்வெடுக்கும் அறையில், அவருக்குப் பிடித்தமான இனிப்புப் பயறு வைத்த ரொட்டி டோக்கியோவின் பழைய கடையில் செய்தது போன்றே வைக்கப்பட்டிருந்தது. அவரது சொந்த ஊர்ப் பக்கத்து மிசோ சேர்த்த சூப் காலை உணவில் இருந்தது. விருந்தினரை எவ்வளவு நுணுக்கமாகச் சீனத் தரப்பு படித்திருந்தது என்பது அவருக்கு விளங்கியது.

ஆனால், அன்றிரவு விருந்தில் தனாகா பேசியபோது, சீனாவில் ஜப்பான் நடத்திய போரைக் குறிப்பிட்டு, பெருந்தொல்லை தந்துவிட்டோம் என்ற பொருளில் ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். ஜப்பானிய மொழியில் அதற்கு வருத்தத்தின் சாயல் உண்டு. சீனத்தில் மொழிபெயர்த்தபோதோ, தெருவில் போகும் பெண்ணின் பாவாடையில் தெரியாமல் தண்ணீர் தெளித்தவர் சொல்லும் சொல்லாக அது ஒலித்தது. பல லட்சம் உயிர்களைப் பறிகொடுத்த நாட்டுக்கு அது போதுமா? அரங்கில் இறுக்கம் பரவியது. மறுநாள் பேச்சில் சூ என்லாய் தமது அதிருப்தியை வெளிப்படையாகவே சொன்னார். செப்டம்பர் 29 அன்று வெளியான கூட்டறிக்கையில், போரால் விளைந்த பெருஞ்சேதத்துக்கான பொறுப்பை உணர்ந்து ஆழ்ந்து வருந்துவதாக ஜப்பான் எழுத்தில் தெரிவித்தது. அதே நாளில் இரு நாடுகளும் தூதரக உறவை ஏற்படுத்தின. பிடித்த ரொட்டியும் சூப்பும் கதவைத் திறந்தன. உள்ளே நுழைவதற்குச் சரியான சொல் தேவைப்பட்டது.

மரபு என்றால் மாறாதது என்று பொருளில்லை. சீன விருந்து முறையும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென் தே, 1910-11-இல் மஞ்சூரியாவைத் தாக்கிய கொள்ளைநோயைக் கட்டுப்படுத்திப் புகழ்பெற்றவர். எல்லாரும் தம் வாயில் வைத்த குச்சியைப் பொதுத் தட்டில் விடுவது நோயைப் பரப்பும் என்று அவர் எச்சரித்தார். அதற்கு மாற்றாக, மேசை நடுவே சுழலும் தட்டையும் பொதுவான பரிமாறும் கரண்டிகளையும் 1915-இல் பரிந்துரைத்தார். இன்று சீன உணவகங்களில் சுழல் தட்டு பரவலாகக் காணப்படுகிறது. கரோனா காலத்தில் பரிமாறுவதற்கென்று தனியாகப் பொதுக் குச்சிகள் வைக்கும் இயக்கம் மீண்டும் வலுப்பெற்றது. அரசு விருந்துகளில் தனித்தனித் தட்டில் பரிமாறுவது வழக்கமாகிவிட்டது.

மிஞ்சும் அளவுக்கு உணவு வரவழைப்பதே விருந்தளிப்பவரின் பெருமை என்ற எண்ணமும் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. 2012 டிசம்பரில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை அதிகாரிகளின் ஆடம்பர விருந்துகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2021 ஏப்ரலில் உணவு வீணாவதைத் தடுக்கும் சட்டமே இயற்றப்பட்டது. தேவைக்கு மேல் உணவு வாங்கத் தூண்டும் உணவகங்களுக்கு அபராதம் விதிக்க அது வழிசெய்கிறது. ஆகவே, பழைய கையேடுகளைப் படித்துவிட்டுச் சீனரை அணுகுவோர் ஏமாறக்கூடும். முறையை மதிப்பது என்பது இன்று அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கவனிப்பதும்தான்.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவைப் போலச் சீன உணவை விரும்பி உண்ணும் நாடுகள் குறைவு. கொல்கத்தாவில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே சீனர் குடியேறினர். டாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழிலும் உணவகங்களும் நடத்தினர். இன்று நமது சிற்றூர்களில்கூட மாலை நேர வண்டிக் கடையில் 'கோபி மஞ்சூரியன்' கிடைக்கிறது. மஞ்சூரியாவில் கேட்டால் அப்படி ஒரு பண்டம் அங்கு யாருக்கும் தெரியாது. கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையற்காரர் ஒருவர் 1970-களில் மும்பையில் உருவாக்கியது என்று சொல்லப்படும் 'சிக்கன் மஞ்சூரியன்' அதன் மூத்த உறவு.

ஆனால், அந்த மக்களை நாம் எப்படி நடத்தினோம்? 1962 போர் மூண்டதும், அஸ்ஸாம், டார்ஜீலிங் போன்ற பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்ளி முகாமில் அடைக்கப்பட்டனர். முதியோரும் குழந்தைகளும் அவர்களில் இருந்தனர். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கே கழித்தனர். விடுதலையாகித் திரும்பியவர்களில் பலருக்கு வீடும் கடையும் மிஞ்சவில்லை. அவர்களின் நூடுல்ஸ் நமது தட்டில் நிலைத்துவிட்டது. அவர்களில் பலர் நாட்டைவிட்டே போய்விட்டனர். ஒரு மக்களின் உணவை விரும்புவது அந்த மக்களை அறிவதாகாது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

தமிழகத்துக்கும் இதில் ஓர் இடம் உண்டு. 1956 டிசம்பரில் சூ என்லாய் மாமல்லபுரம் வந்தார். ஆறு ஆண்டுகள் முடிவதற்குள் எல்லையில் போர் மூண்டது. 2019 அக்டோபர் 11 அன்று அதே மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயில் வளாகத்தில், வேட்டி அணிந்த பிரதமர் நரேந்திர மோடி, சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்கு விருந்தளித்தார். அரைத்துவிட்ட சாம்பாரும் தக்காளி ரசமும் கவனரிசி அல்வாவும் அதில் இடம்பெற்றன. இரு தலைவர்களும் குறித்த நேரத்தைத் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தனர். எட்டே மாதங்களில், 2020 ஜூன் 15 இரவு, கல்வான் பள்ளத்தாக்கில் நமது வீரர்கள் 20 பேர் உயிர்த்தியாகம் செய்தனர்.

இதைக் காட்டி, 'விருந்தால் என்ன பயன்?' என்று கேட்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எல்லை எங்கே என்பது மேசையில் முடிவாவதில்லை. விருந்தின் இனிமையைப் பாதுகாப்புக்கு மாற்றாக எண்ணும் அரசு ஏமாறும். நிக்சன் விருந்துண்ட பிறகும் இரு நாடுகளும் முழுமையான தூதரக உறவை ஏற்படுத்த ஏழு ஆண்டுகள் பிடித்தன. 1979 ஜனவரி 1 அன்றுதான் அது நிறைவேறியது. தைவான் பிரச்னை இன்றும் தீரவில்லை.

ஆனால், மாமல்லபுர விருந்தில் குறை எதுவும் இல்லை. அதற்குக் கீழே வேர் இல்லாததுதான் குறை. இரண்டு தலைவர்கள் ஒரு மாலை சேர்ந்து உண்டார்கள். இரண்டு நாடுகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் வணிகர்களும் மருத்துவர்களும் எத்தனை முறை சேர்ந்து உண்டிருக்கிறார்கள்? சீன மொழி பேசத் தெரிந்த இந்தியர் எத்தனை பேர்? கரோனாவுக்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் இரு நாடுகளுக்கும் இடையே நேரடி விமானம்கூடப் பறக்கவில்லை. உச்சியில் மட்டும் நடக்கும் விருந்து, உச்சியில் ஒரு காற்று அடித்தால் கலைந்துவிடும்.

2024 அக்டோபரில் கஸான் நகரில் இரு தலைவர்களும் மீண்டும் சந்தித்தனர். 2025 ஆகஸ்டில் பிரதமர் தியான்ஜின் சென்றார். அவ்வாண்டு அக்டோபரில் நேரடி விமானங்களும் மீண்டும் தொடங்கின. இனி, குவாங்சோவுக்கும் யீவூவுக்கும் சரக்கு வாங்கச் செல்லும் நமது வணிகர்களும், அங்கே படிக்கச் செல்லும் மாணவர்களும்தான் உண்மையான தூதர்கள். அவர்களுக்குச் சில எளிய செய்திகள் போதும். அமர்த்தும் வரை காத்திருங்கள். உட்கார்ந்தவுடன் விலை பேசத் தொடங்காதீர்கள்; முதலில் மனிதரை அறிவதே அங்கு முறை. இன்று அவர் விருந்தளித்தால், நாளை நீங்கள் அளியுங்கள்.

புலால் உண்ணாதவரும் மது அருந்தாதவரும் தயங்க வேண்டியதில்லை. மதுவுக்குப் பதிலாகத் தேநீர்க் கோப்பையை உயர்த்துவது சீனரே ஏற்ற பழைய வழக்கம். கோப்பையில் இருப்பது என்ன என்பதைவிட, எழுந்து நின்று, விளிம்பைத் தாழ்த்தி, ஒரு நல்ல சொல் சொன்னீர்களா என்பதே அங்கு கணக்கில் வரும். தமது உணவு நெறியை முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிடுவதும் அவமதிப்பாகாது. விருந்தினருக்குப் பிடித்ததைத் தேடிச் செய்வதில் அவர்களுக்குப் பெருமை உண்டு.

உறவு இருவழிப் பாதை. இங்கு வரும் சீனப் பொறியாளரையும் தொழில்நுட்பப் பணியாளரையும் நாம் நமது வீட்டுக்கு அழைத்து, வாழையிலை விரித்து, கையால் உண்ணும் முறையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறோமா? நிக்சன் குச்சி பிடிக்கக் கற்றது போல, அவரும் சோற்றைப் பிசையக் கற்கலாம். தடுமாறும் அவரது விரல்களைப் பார்த்து இருவரும் சேர்ந்து சிரிக்கும் அந்த நொடியில் எந்த உடன்படிக்கையும் கையெழுத்தாவதில்லை. ஆனால், நாளை ஒரு நெருக்கடி வரும்போது, எதிரே இருப்பது ஒரு நாட்டின் வரைபடம் மட்டுமன்று, நம்மோடு உண்ட மனிதரும் அங்கே இருக்கிறார் என்ற நினைவு இரு பக்கமும் சிலருக்கேனும் இருக்கும். எல்லையைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு. இந்த நினைவை வளர்க்கும் பொறுப்பு நமக்கு.